தள்ளிப்போட்ட வியாழக்கிழமை

பேனாவைத் தேடிக் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். பஸ் டிக்கெட்டுகள், ஒரு சாக்பீஸ் துண்டு, பீரோ சாவி, இவற்றோடு பச்சைத் தாளில் சுற்றிய தொண்டை மிட்டாய் ஒன்றும் உருண்டு வந்தது. தாளின் ஓரம் கிழிந்திருந்தது. யூகலிப்டஸ் வாசனை சட்டென்று மூக்கில் ஏறியது. நீ இறந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. இந்த வாசனை வந்தால் மட்டும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீ வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாய்.

மிட்டாயைத் தந்தது முதலாமாண்டு கணிதத்தில் படிக்கும் ஒரு பெண். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பி, "அடுத்த வரி என்ன?" என்று கேட்டேன். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து, "மேடம், இதப் போட்டுக்கங்க, சரியாயிரும்" என்று கையில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து உன்னோடு பேச வேண்டும் என்று இருக்கிறது. இப்போது ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ ஆங்கிலம், நான் கணிதம். நீ கீரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். உன் வீட்டுக்காரர் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். மாணவர்கள் எதிரே 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டால் 'டீ'தான். நான் பலகையைப் பார்த்து முணுமுணுக்கிற ஆள். நீ அப்படி இல்லை. பொது ஆங்கிலம் என்பதால் நான்கு துறைப் பிள்ளைகளையும் சேர்த்து, தகரக் கூரை போட்ட பெரிய ஹாலில் உன்னை நிறுத்திவிட்டார்கள். மேலே எட்டு மின்விசிறிகள் கடகடவென்று சுற்றும். வெளியே லாரி போகும். மழை பெய்தால் கூரையே பேசும். கல்லூரிக்கு என்று ஒரு மைக் இருந்தது. அது விழா நாளில் மட்டும் முதல்வர் அறை அலமாரியைவிட்டு வெளியே வரும்.

"நீ கொஞ்சம் மெதுவாப் பேசினா என்ன?" என்று கேட்டால், "கடைசி பெஞ்சுக்கும் காது இருக்குல்ல?" என்பாய். ஒவ்வொரு வாக்கியத்தையும் நீ ஒரு முறை சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்ல, மறுபடி நீ சொல்வாய். அடுத்த கட்டடத்தில் இருந்த என் வகுப்பில் என் குரலைவிட உன் குரல்தான் நன்றாகக் கேட்கும்.

அந்தக் குரல் என்ன செய்யும் என்பதை நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். விராலிமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாணவிகளோடு பத்து நாள் முகாம் போட்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவப் போன நான்கு பெண்கள் வழி தெரியாமல் பழைய கல்குவாரிப் பக்கம் போய்விட்டார்கள். நாம் முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தோம். தூரத்தில், புதருக்கு அந்தப் பக்கம், அவர்கள் பேசிச் சிரித்தபடி நடப்பது தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் தரை இல்லை என்பதை முதலில் பார்த்தவள் நீ. ஓடினாலும் எட்ட முடியாது. "நில்லுங்க!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாய். எனக்குக் காது அடைத்தது. நான்கு பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிறகு போய்ப் பார்த்தோம். முன்னால் நடந்தவளின் காலுக்கும் குழிக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. கீழே கரும்பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ அழுதாய். அழும்போதும் உன் குரல் கணீரென்றுதான் இருந்தது.

அதற்கு அடுத்த ஜூலையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் விட்டது, குரல் மட்டும் கம்மியபடியே நின்றுவிட்டது. நம் அறையில் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை, ஆகஸ்டில் யாருக்காவது தொண்டை கட்டிக்கொள்வது வழக்கம்தானே. 'வாத்தியார் தொண்டை' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தோம். அதிமதுரத்தை வாயில் அடக்கினாய். சுக்குக் கஷாயம் ஃபிளாஸ்க்கில் வந்தது. பச்சை மிட்டாய் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. சத்தம் வராத நாளில் கிசுகிசுவென்று பாடம் நடத்தினாய். அப்படிப் பேசுவது இன்னும் கெடுதல் என்று நமக்கு அப்போது தெரியாது.

ஐந்தாவது வாரம் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தாய். அவர், "மூணு வாரத்துக்கு மேல கொரல் கம்மியிருந்தா கேமரா விட்டுப் பாத்துரணும்மா, விடக் கூடாது" என்று சொல்லி, திருச்சி டாக்டர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார். திருச்சி டாக்டர் ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "வரவேற்பு, அறிமுகம் எல்லாம் அவங்கதான் பேசணும். ஒங்க ஃப்ரெண்டுதானே, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது ஒன்று. எனக்குத் தெரிந்தது வேறொன்று. அந்த நாள் நல்லபடியாக முடிந்தால் துறைத் தலைவர் நாற்காலி எனக்கு வரும். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நீ டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"வியாழக்கெழம நான் இல்லடி. திருச்சி போறேன்" என்றாய்.

"அன்னைக்குத்தான் குழு வருது."

"வேற யாரையாச்சும் பேசச் சொல்லு."

"ஒன்ன மாதிரி யாரு பேசுவா? ஒரு வாரம்தானே. அடுத்த வியாழக்கெழம நானே ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். தொண்டதானே, எங்க போயிரப் போகுது?"

நீ என்னையே பார்த்தாய். "காதுக்குள்ள லேசா குத்துதுடி" என்று மட்டும் சொன்னாய். "கஷாயம் குடி" என்றேன் நான். டாக்டரின் கடிதத்தை மடித்து இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தாய்.

வியாழக்கிழமை நீ ஒன்றரை மணி நேரம் பேசினாய். அன்று மைக் இருந்தும் கழுத்து நரம்பு புடைத்தது. குழுவில் வந்திருந்த ஒருவர், அந்தக் கரகரப்பே ஒரு கம்பீரம் என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எல்லாம் முடிந்து கை கழுவும் இடத்தில் நீ குனிந்து துப்பியபோது நான் பின்னால் நின்றிருந்தேன். வெள்ளைத் தொட்டியில் ஒரு சிவப்பு இழை ஓடியது. "கத்துனதுல எங்கயோ கீறிருச்சு போல" என்று குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர் அதைக் கொண்டுபோயிற்று. நான் பார்த்தேன். பார்த்தும், "வா, காபி ஆறுது" என்றுதான் சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமை நான் உன்னைக் கூட்டிப் போகவில்லை. குழுவுக்கு அனுப்ப வேண்டிய கோப்புகள் இருந்தன. நீ போன் செய்தபோது திருச்சி டாக்டர் விடுமுறையில் இருந்தார். பிறகு இடைத்தேர்வு, பூஜை விடுமுறை, செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம். ஒவ்வொன்றும் வந்தது, போனது. துறைத் தலைவர் பொறுப்பும் எனக்கு வந்தது. நீ எல்லோருக்கும் லட்டு கொடுத்தாய். உனக்கு மட்டும் அது விழுங்க வரவில்லை. பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்தாய்.

டிசம்பரில், காது வலியில் நீ சுவரில் தலையைச் சாய்த்தபடி நின்றதைப் பார்த்து உன் வீட்டுக்காரர்தான் திருச்சிக்குக் கூட்டிப் போனார். நானும் வந்தேன். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அறையில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்தோம். குரல்வளையில் கட்டி, கழுத்துக்கும் பரவிவிட்டது, கேன்சர் என்று நிதானமாகச் சொன்னார்.

"பீடி, சிகரெட்டு எதுவும் கெடையாதுங்க டாக்டர். பாடம் எடுத்து எடுத்தே இப்புடி ஆயிருச்சுங்களா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். "கத்திப் பேசுனதால இந்தக் கட்டி வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா கத்துனதாலதான் தொண்ட கட்டியிருக்குன்னு நெனச்சு விட்டுட்டீங்க. டீச்சருங்க எல்லாரும் இப்புடித்தான் விடுறீங்க. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா..."

"வந்திருந்தா?" என்றார் உன் வீட்டுக்காரர்.

டாக்டர் கோப்பைப் பார்த்தார்.

"அப்பவே தேதி குடுத்தாங்க டாக்டர். காலேஜுல ஒரு நாள் லீவு குடுக்கல, பாவிங்க" என்று உன் வீட்டுக்காரர் குரல் உடைந்தார். நீ அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாய். தலையைத் திருப்பி என்னை ஒரு கணம் பார்த்தாய். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

ஜனவரியில் குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. இரண்டே மாதத்தில் நீ கல்லூரிக்கு வந்து நின்றாய். வேலையை விடு என்று எவ்வளவோ சொன்னோம். ஹாலுக்குள் போய்ப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதி, பிள்ளைகள் பக்கம் கையை விரித்தாய். அவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த வாக்கியம் எழுதினாய். என் வகுப்பில் உன் குரல் கேட்டுவந்த இடத்தில் இப்போது அந்தப் பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்டது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது நாள் அப்படி நடந்தது. பிறகு யாரோ ஒரு பெற்றோர் வந்து, பிள்ளை பயப்படுகிறாள் என்று சொன்னார்களாம். உன்னைத் தேர்வு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போனில் பேச நாம் ஒரு வழி வைத்திருந்தோம். நான் கேட்பேன், நீ நகத்தால் போனைத் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "சாப்பிட்டியா?" டொக். "வலி இருக்கா?" டொக் டொக். பொய் சொல்லும்போதுகூட நீ சத்தமாகத் தட்டுவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கிருந்தோ தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அந்த வியாழக்கெழமைய நெனச்சு என்மேல ஒனக்குக் கோவம் இருக்காடி?"

போனில் உன் மூச்சு கேட்டது. துணிக்குள்ளிருந்து வரும் அந்த உலர்ந்த மூச்சு. நான் காத்திருந்தேன். ஒரு தட்டும் வரவில்லை, இரண்டு தட்டும் வரவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. மறுநாள் வழக்கம்போலப் பேசினோம். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வருடம் அது நுரையீரலுக்குப் போயிற்று. உன்னை எடுத்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் உன் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு நாளு லீவு குடுக்கலங்க. ஒரே ஒரு நாளு." முதல்வர் மாலை கொண்டுவந்தபோது அதை வாங்காமல் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "நீங்கதாம்மா அவளுக்குக் கூடவே இருந்தீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எதிரே முதல்வர் தலைகுனிந்து நின்றார். நானும் தலைகுனிந்து நின்றேன். அது துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அப்புறம்தான் என் குரல் போயிற்று.

உன்னோடு அவ்வளவும் பார்த்த நானே என்ன செய்தேன் தெரியுமா? வெந்நீர் குடித்தேன். அதிமதுரம் வாங்கினேன். கேட்டவர்களிடம் 'வாத்தியார் தொண்டை' என்றேன். மூன்று வாரம் முடிந்த அன்று நாள்காட்டியைப் பார்த்தேன், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். பயத்தில் மனுஷி எவ்வளவு முட்டாள் ஆவாள் என்று அப்போதுதான் புரிந்தது. ஐந்தாவது வாரம் தண்ணீர் குடிக்கும்போது இடது காதுக்குள் ஏதோ குத்தியது. அன்றே புதுக்கோட்டை டாக்டரிடம் போனேன். அதே டாக்டர். அதே மாதிரி ஒரு கடிதம். திருச்சியில் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். குரல் நாணில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது, மயக்கம் கொடுத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை அதிகம் பேசாதீர்கள் என்றார்கள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் கீரமங்கலம் வந்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு என் தொண்டை என்ன ஆகும் என்று தெரியவில்லை. இருக்கிற குரலில் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

உன் வீட்டுக்காரர் தோட்டத்தில் பூச்செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார். "வாங்கம்மா, என்ன இம்புட்டுத் தூரம்? இங்கிட்டு நெழல்ல வாங்க" என்றார். உன் மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவளுக்கு உன் நெற்றி. நான் உட்காரவில்லை.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவர் கை நின்றது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"அன்னைக்கு அவ லீவு கேக்கவே இல்லண்ணே. காலேஜுல யாரும் இல்லைன்னு சொல்லல. நான்தான் அவளத் தடுத்தேன். குழு வருது, ஒரு வாரம் கழிச்சுப் போலாம்னு நான்தான் சொன்னேன். எனக்கு ஒரு பதவி வரவேண்டி இருந்துச்சு. அவ ஒங்ககிட்ட என்னக் காட்டிக்குடுக்காம லீவு மேல பழியப் போட்டுட்டா."

வார்த்தைகள் பாதி சத்தமாகவும் பாதி காற்றாகவும் வந்தன. சிலவற்றை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒன்றை இரண்டாம் முறை சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் கத்திரியைக் கீழே போட்டார். வரப்பில் ஏறி, தென்னை வரிசைக்கு அந்தப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் நின்றேன். கடைசியில் உன் மகள் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டாமல் நாற்காலியில் வைத்துவிட்டு, "அப்பா இப்ப வர மாட்டாக அத்தை. நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க" என்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பேருந்து நிறுத்தம்வரை நான் நடந்த தூரம் எனக்கு நினைவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. பாரம் அப்படியே இருந்தது, அதை இன்னும் இரண்டு பேர் தலையிலும் ஏற்றிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை, கீரனூர் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உன் வீட்டுக்காரரின் எண். எடுத்தேன். "அண்ணே" என்றேன். அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

"திருச்சிக்கு எப்பப் போகணும்?" என்றார். நான் சொல்லாமலே, என் குரலை வைத்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"இப்ப போய்க்கிட்டு இருக்கேண்ணே."

அவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"எறங்கிறாதீங்க. எவன் கூப்புட்டாலும், என்ன வேலைன்னாலும் எறங்கிறாதீங்க. போயிப் பாத்துருங்க" என்றார். வைத்துவிட்டார்.

அவர் என்னை மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு ஆள் அந்த அறையில் உட்கார்ந்து, "வந்திருந்தா?" என்று கேட்க வேண்டாம் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. அதற்குமேல் எனக்கு என்ன உரிமை?

மயக்கம் தெளிந்தபோது வாயில் இரும்பு ருசி. எடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இன்னும் ஆறு நாள். டாக்டர் முகத்தில் எதையாவது படிக்கலாம் என்று பார்த்தேன். அவர் கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாகச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை ஒருத்தி நேற்று என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். உன் ஹாலில் இப்போது அவள்தான் நிற்கிறாள். ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, "சீக்கிரம் வந்துருங்க மேடம்" என்றாள். கடைசிச் சொல் தேய்ந்து மறைந்தது. நான் தாளை இழுத்து, 'எத்தனை நாளாக?' என்று எழுதிக் காட்டினேன். அவள் சிரித்தாள். "ஒரு மாசம் இருக்கும் மேடம். செமஸ்டர் முடியட்டும், பாத்துக்கலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிடச் சொல்லிச் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். புதன்கிழமை முடிவை வாங்க நான் திருச்சிக்குப் போகும்போது அவளும் என்னோடு வருகிறாள். அவளுடைய ஒரு நாள் லீவுக்கு முதல்வருக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் பஸ்ஸில் பேச்சு இருக்காது.